தெரியாத ஊரில் பாதுகாப்பாகச் சுற்ற: பயணிகளுக்கான முழுமையான வழிகாட்டி

புது ஊரில் ஆபத்து நாள் முழுக்க விரவிக் கிடப்பதில்லை. சில நிமிடங்களில்தான் அது திரண்டு நிற்கிறது. ரயிலை விட்டு இறங்கி எந்தப் பக்கம் போவதென்று திகைக்கும் நிமிடம், ஏடிஎம் முன் நிற்கும் நிமிடம், டாக்ஸியில் பெட்டியை ஏற்றி இறக்கும் நிமிடம், தெருமுனையில் போனில் வழி பார்க்கும் நிமிடம். கண் ஓரிடம், கை ஓரிடம், மனசு ஓரிடம் என்று இருக்கும் நேரங்கள் அவை. திருடுபவர்களும் ஏமாற்றுபவர்களும் காத்திருப்பது அதற்காகத்தான்.

அந்த நிமிடங்களுக்கு முன்கூட்டியே தயாராகிவிட்டால் மீதி நேரம் நிம்மதியாகச் சுற்றலாம். எல்லோரையும் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டே திரிவது பாதுகாப்பு ஆகாது. அதில் சீக்கிரம் களைப்புத்தான் வரும், களைத்தவருக்குக் கவனம் இருக்காது. கீழே உள்ளவை கிளம்பும் நாளில் தொடங்கி, ஏதாவது நடந்துவிட்டால் செய்ய வேண்டியது வரை வரிசையாகப் போகின்றன.

படி 1: போன் இல்லாமல் உங்களால் நகர முடியுமா?

இன்று பயணியின் டிக்கெட், பணம், வழி, வீட்டார் எண் எல்லாம் ஒரே கருவிக்குள் இருக்கின்றன. அது போனால் எல்லாம் போகும். அதனால் முதல் வேலை போனைச் சுற்றித்தான்.

போகும் ஊரின் வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள். ஜிபிஎஸ் வேலை செய்ய இணையம் தேவையில்லை. வரைபடம் போனில் இருந்தால் நெட்வொர்க் இல்லாத இடத்திலும் நீங்கள் நிற்கும் புள்ளி தெரியும். தங்குமிடத்தின் பெயரையும் முகவரியையும் அந்த ஊர் எழுத்திலேயே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி தீர்ந்த இரவில் அந்தத் தாளை டாக்ஸிக்காரரிடம் நீட்டினால் போதும்.

*#06# என்று அழுத்தினால் வரும் ஐஎம்ஈஐ எண்ணை, அதாவது உங்கள் போனுக்கே உரிய அடையாள எண்ணை, குறித்து வையுங்கள். திருட்டுப் புகார் கொடுக்கும்போதும் கருவியை முடக்கச் சொல்லும்போதும் கேட்பார்கள். தொலைந்த போனைத் தேடும் வசதி இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். சிம் கார்டுக்கு ஒரு பின் எண் போடுங்கள். பலர் இதைச் செய்வதே இல்லை. போனைப் பூட்டி வைத்திருந்தாலும் சிம்மை உருவி வேறு கருவியில் போட்டால் உங்கள் ஓடிபி எல்லாம் அங்கே போய் விழும். சிம் பின் இருந்தால் அது நடக்காது.

அப்புறம், இதை நிதானமாக யோசியுங்கள்: போன் திருடுபோய்விட்டது, வங்கிக்குள் நுழைய ஓடிபி வேண்டும், ஓடிபி வருவது அந்தப் போனுக்குத்தான். என்ன செய்வீர்கள்? போன் இல்லாமலும் மின்னஞ்சல் கணக்குக்குள் நுழைய உதவும் மாற்றுக் குறியீடுகளை (பேக்கப் கோட்) அச்செடுத்துப் பெட்டியில் வைப்பது, கார்டை முடக்க அழைக்க வேண்டிய வங்கி எண்ணைத் தாளில் எழுதுவது, நெருங்கிய ஒருவரின் எண்ணை மனப்பாடம் செய்வது என மூன்றையும் வீட்டிலிருந்தே முடித்துவிடுங்கள். உடல்நிலை பற்றிய விவரங்களும் அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண்ணும் பூட்டிய திரையிலேயே தெரியும்படி அமைக்கலாம். மயங்கிக் கிடக்கும்போது உதவ வருபவருக்கு அதுதான் வழி.

படி 2: காகிதமும் பணமும் ஒரே பையில் வேண்டாம்

பாஸ்போர்ட், விசா, காப்பீடு ஆகியவற்றின் நகல்கள் இரண்டு எடுங்கள். ஒன்று பெட்டியில், இன்னொன்று வீட்டில் நம்பகமானவரிடம். படம் எடுத்து மின்னஞ்சலிலும் போட்டு வையுங்கள். வெளியே போகும்போது அசலை அறைப் பெட்டகத்தில் வைத்துவிட்டு நகலோடு போவதே பொதுவாக நல்லது. ஆனால் இதில் நாட்டுக்கு நாடு சட்டம் மாறும். ஜப்பானில் வெளிநாட்டுப் பயணிகள் அசல் பாஸ்போர்ட்டை எப்போதும் கூடவே வைத்திருக்க வேண்டும். போகும் நாட்டின் விதி என்ன என்பதைக் கிளம்பும் முன் பாருங்கள்.

அதே கையோடு மருந்துகளையும் பாருங்கள். ஓரிடத்தில் சாதாரண இருமல் மருந்தாக இருப்பது இன்னோரிடத்தில் சட்டச் சிக்கல். கோடீன் சேர்ந்த மருந்துகள் ஐக்கிய அரபு அமீரகத்தில் கட்டுப்படுத்தப்பட்டவை. முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோகக் கூடாது. மருந்தை அதன் அசல் அட்டையோடும் மருத்துவரின் சீட்டோடும் கைப்பையில் வையுங்கள்.

பணத்தை மூன்றாகப் பிரியுங்கள். அன்றைய செலவுக்கு எடுக்க எளிதான பர்ஸில் கொஞ்சம், உடலோடு ஒட்டிய உள்பையில் கொஞ்சம், அறையில் ஒரு கார்டும் கொஞ்சம் பணமும். கூட்டத்துக்கு நடுவே உள்பையைத் திறக்காதீர்கள். திறந்தால் எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பதைச் சுற்றி நிற்பவர்களுக்கு நீங்களே காட்டிக்கொடுத்தது போல ஆகும்.

படி 3: வந்து இறங்கும் முதல் ஒரு மணி நேரம்

பயணத்திலேயே பலவீனமான நேரம் இதுதான். தூக்கம் போதவில்லை, கையில் பெட்டி, மொழி புரியவில்லை, நான்கு பேர் சுற்றி நின்று கூப்பிடுகிறார்கள். இந்த நேரத்தில் எதையும் முடிவு செய்யும் நிலையில் உங்களை வைத்துக்கொள்ளாதீர்கள். முடிவுகளை முன்பே எடுத்துவிடுங்கள்: எந்த வாசல் வழியே வெளியே வருவது, எதில் ஏறுவது, சுமார் எவ்வளவு ஆகும், எவ்வளவு நேரம் பிடிக்கும். முதல் இரவின் அறையை முன்பதிவு செய்து, முடிந்தால் பகல் வெளிச்சத்தில் போய்ச் சேரும்படி நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். நள்ளிரவில் இறங்கும் மலிவான டிக்கெட்டில் மிச்சமாகும் பணம் பல நேரம் அந்த இரவிலேயே கரைந்துவிடும்.

வெளியே வந்ததும் நடுவழியில் நிற்காமல் ஒரு சுவரையோ தூணையோ தேடிப் போங்கள். முதுகைச் சுவர் பக்கம் வைத்து, பெட்டியைக் கால்களுக்கு நடுவே நிறுத்தி, அப்புறம் போனை எடுங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது. பின்னால் யாரும் வர முடியாது, முன்னால் வருபவர் தெரிவார். தெருவிலும் இதே பழக்கம் உதவும்.

உதவி கேட்பதில் எனக்கு ஒரே விதி: தானாக வந்து உதவுபவரைவிட நானாகத் தேர்ந்தெடுத்துக் கேட்பவரே மேல். டிக்கெட் கவுன்ட்டரில் இருப்பவர், சீருடை அணிந்த ஊழியர், குழந்தையோடு நிற்கும் குடும்பம் என்று நீங்கள் தேர்ந்தெடுக்கும் ஒருவர் ஏமாற்றுக்காரராக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. உங்களைத் தேர்ந்தெடுத்து வருபவருக்கு ஒரு காரணம் இருக்கும். அது நல்ல காரணமாகவும் இருக்கலாம். ஆனால் களைத்துப்போன அந்த நேரத்தில் அதை எடைபோட உங்களால் முடியாது. ‘அந்த ஹோட்டல் மூடிவிட்டார்கள், வேறிடம் காட்டுகிறேன்’ என்று யாராவது சொன்னால் அங்கேயே நின்று ஹோட்டலுக்கு போன் போட்டுக் கேளுங்கள். இந்தப் பொய்யை உலகின் பல ஊர்களில் சொல்கிறார்கள்.

படி 4: வண்டியில் ஏறுவது, சாலையைக் கடப்பது

பயணிகள் திருடர்களுக்குப் பயப்படும் அளவுக்குச் சாலைக்குப் பயப்படுவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2023 அறிக்கைப்படி ஆண்டுக்குச் சுமார் 11.9 லட்சம் பேர் சாலை விபத்துகளில் இறக்கிறார்கள். 5 முதல் 29 வயது வரையுள்ளவர்களின் மரணத்துக்கு முதல் காரணமே அதுதான். உயிர் என்று பார்த்தால், பையில் வைக்கும் பூட்டைவிட பின் சீட்டில் போடும் பெல்ட் முக்கியம். பெல்ட் இல்லாத காரை விட்டுவிட்டு அடுத்த காருக்குக் காத்திருங்கள். வழக்கமாக ஓட்டாதவர்கள் வாடகை இருசக்கர வண்டி எடுக்க வேண்டாம். எடுத்தே ஆக வேண்டுமென்றால், உங்கள் உரிமம் அந்த நாட்டில் செல்லுமா, காப்பீடு இரண்டு சக்கர வண்டியை ஏற்குமா என்று முதலில் பாருங்கள். பல பயணக் காப்பீடுகளில் செல்லாத உரிமத்தோடு ஓட்டினால் ஒன்றும் கிடைக்காது.

வண்டிகள் நீங்கள் பழகிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் ஓடும் நாட்டில் முதல் சில நாட்கள் இன்னும் கவனம் வேண்டும். கால் எடுத்து வைக்கும்போது கண் பழகிய பக்கத்தையே பார்க்கும். வண்டி மறுபக்கத்திலிருந்து வரும். இதற்காகவே லண்டனில் நடைபாதை ஓரத்தில் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று தரையிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். இரு பக்கமும் இருமுறை பார்த்துவிட்டு, ஊர்க்காரர்கள் கடக்கும்போது அவர்களோடு சேர்ந்து கடப்பது எளிய வழி.

செயலி வழியாக டாக்ஸி பிடித்தால் வண்டி எண்ணைப் பார்த்த பிறகே கதவைத் திறங்கள். உங்கள் பெயரை நீங்கள் முதலில் சொல்லாதீர்கள், ‘யாருக்காக வந்திருக்கிறீர்கள்?’ என்று கேளுங்கள். வந்தவர் சரியான ஆள் என்றால் பெயர் அவர் வாயிலிருந்து வரும். பின் சீட்டில் உட்காருங்கள். பாஸ்போர்ட்டும் பணமும் உள்ள பை எப்போதும் மடியில்தான் இருக்க வேண்டும், பின்பெட்டியில் அல்ல. இறங்கும்போது உங்கள் பக்கக் கதவைத் திறந்தே வைத்து, பெட்டிகளை எல்லாம் கீழே வைத்த பிறகு மூடுங்கள். கதவு திறந்திருக்கும்போது வண்டியைக் கிளப்பிக்கொண்டு போவது எளிதல்ல. இருவராகப் போனால் ஒருவர் உள்ளேயே இருக்க, மற்றவர் பெட்டியை இறக்கட்டும்.

படி 5: அறை

ரிசப்ஷனில் உங்கள் அறை எண்ணை எல்லோர் காதிலும் விழும்படி சொன்னால் வேறு அறை கேளுங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. தரைத்தளம் வேண்டாம், ஜன்னல் வழியே வருவது எளிது. மிக உயரமும் வேண்டாம், தீப்பிடித்தால் ஏணி எட்டாது. இரண்டாம் மாடியிலிருந்து ஆறாம் மாடிக்குள் கிடைத்தால் நல்லது.

பையை வைத்ததும் ஒரு நிமிடம் வெளியே வந்து அவசர வழி எங்கே என்று பாருங்கள். உங்கள் கதவிலிருந்து அந்தக் கதவு வரை நடுவில் எத்தனை கதவுகள் என்று எண்ணுங்கள். புகை நிறைந்த நடைபாதையில் கண் உதவாது. தரையோடு தவழ்ந்து, சுவரைத் தடவியபடி கதவுகளை எண்ணித்தான் போக முடியும். அலாரம் அடித்தால் கதவைத் திறக்கும் முன் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சுட்டால் திறக்காதீர்கள். இடுக்கில் ஈரத்துண்டை அடைத்து, ஜன்னலருகே நின்று, போனில் அறை எண்ணைச் சொல்லுங்கள். சுடவில்லை என்றால் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள், வழி அடைபட்டிருந்தால் திரும்பி வர அது வேண்டும். லிஃப்டில் ஏறாதீர்கள்.

எரிவாயு ஹீட்டர் உள்ள வாடகை வீடுகளில் கார்பன் மோனாக்சைடு அபாயம் உண்டு. அதற்கு மணமும் நிறமும் கிடையாது. தலைவலி, குமட்டல், தலைசுற்றல் என்று தொடங்கும். வெளியே வந்ததும் தலைவலி குறைகிறது என்றால் திரும்ப உள்ளே போகாதீர்கள். கையடக்கமான அலாரம் கடையில் கிடைக்கிறது. குடும்பத்தோடு வீடு எடுத்துத் தங்குபவர்கள் கட்டாயம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள் என்பேன்.

இரவில் அறை போன் அடித்து, ‘ரிசப்ஷனிலிருந்து பேசுகிறோம், கார்டு எண் சரியாகப் பதிவாகவில்லை’ என்றால் எண்ணைச் சொல்லாதீர்கள். ‘நேரில் வருகிறேன்’ என்று வைத்துவிட்டுக் கீழே போய்க் கேளுங்கள்.

படி 6: தெருவில் நடக்கும் நாடகங்கள்

ஒன்றை அருகிலிருந்து பார்ப்போம். நடந்து போகிறீர்கள். தோளில் ஏதோ ஈரமாக விழுகிறது. உடனே ஒருவர் ஓடி வந்து, ‘அடடா, பறவை எச்சம்’ என்று காகிதத்தால் துடைக்கத் தொடங்குகிறார். இன்னொருவர் தண்ணீர் நீட்டுகிறார். சட்டையைக் கழற்றிப் பார்க்கச் சொல்கிறார்கள். பையைத் தரையில் வைக்கிறீர்கள். அடுத்த சில நொடிகளில் மூன்றாமவர் பையோடு போய்விட்டிருப்பார். மூவரும் ஒரே கூட்டம். தோளில் கறையை வைத்ததும் அவர்களே. பதில் எளிது: எது விழுந்தாலும் நிற்காமல் நடந்து, ஒரு கடைக்குள்ளோ அறைக்கோ போய்த் துடையுங்கள்.

மற்றவையும் இதே அச்சில்தான் வரும். கையில் கயிறு கட்டிவிட்டுப் பணம் கேட்பது, உங்கள் முன்னால் தரையிலிருந்து மோதிரம் எடுத்து ‘உங்களுடையதா?’ என்பது, கையெழுத்து வேட்டை என்று அட்டையை நீட்டி அதன் அடியில் பையைத் துழாவுவது, படிக்கட்டில் திடீரென்று முன்னால் நின்று பின்னால் இருப்பவர் கை விட இடம் கொடுப்பது. ஒவ்வொன்றிலும் யாரோ உங்களை நிறுத்துகிறார்கள், எதையோ பார்க்க வைக்கிறார்கள், யாரோ தொடும் தூரத்தில் நிற்கிறார்கள். இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் கை தானாகப் பையின் மேல் போக வேண்டும்.

போலி போலீஸ் இன்னொரு வகை. சாதாரண உடையில் வந்து, அட்டையைக் காட்டி, கள்ளநோட்டைத் தேடுகிறோம், பர்ஸைக் கொடுங்கள் என்பார்கள். பர்ஸைக் கையில் கொடுக்காதீர்கள். ‘ஸ்டேஷனுக்கே வருகிறேன், அங்கே காட்டுகிறேன்’ என்று அமைதியாகச் சொல்லுங்கள். அதேநேரம் அவர்கள் காட்டும் வண்டியில் ஏறாதீர்கள். அவசர எண்ணை அழைத்து உறுதி செய்துகொள்வதாகச் சொல்லுங்கள்.

ஏடிஎம்மைப் பொறுத்தவரை, வங்கி திறந்திருக்கும் நேரத்தில் வங்கிக் கட்டடத்துக்குள் இருப்பதையே பயன்படுத்துங்கள். கார்டு நுழையும் வாயைக் கையால் அசைத்துப் பாருங்கள், ஆடினால் விலகிவிடுங்கள். பின் எண் போடும்போது மறு கையால் மூடுங்கள். கார்டு மாட்டிக்கொண்டால் பக்கத்தில் நிற்பவர், ‘மறுபடி பின் போடுங்கள், வந்துவிடும்’ என்று சொல்வதைக் கேட்காதீர்கள். அங்கேயே நின்றபடி வங்கியை அழைத்து முடக்குங்கள்.

பொது வைஃபையை எண்ணிப் பலர் பயப்படுகிறார்கள். என் கணிப்பில் அதைவிடப் பெரிய ஆபத்து தோளுக்குப் பின்னால் இருக்கிறது. அங்கே நிற்பவர்கள் நீங்கள் போனைத் திறக்கப் போடும் பின் எண்ணைப் பார்த்துக்கொண்டு, அப்புறம் போனைப் பறித்தால் மொத்தமும் அவர்கள் கையில். பொது இடத்தில் விரல்ரேகையோ முகமோ வைத்துத் திறங்கள். வங்கி செயலிக்கு வேறொரு பின் வையுங்கள்.

படி 7: இரவு, கூட்டம், கோப்பை

இரவு திரும்பும் வழியைப் பகலிலேயே ஒருமுறை நடந்து பாருங்கள். கடைசி ரயில் எப்போது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் நேரடி இருப்பிடத்தை 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என்று பகிரலாம். தனியாகத் திரும்பும்போது வீட்டில் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள்.

கோப்பையைக் கண்ணிலிருந்து விலக விடாதீர்கள். மூடி திறக்காத பாட்டிலைத் தவிர மற்ற மலிவு மதுவை நம்பாதீர்கள். 2024 நவம்பரில் லாவோஸின் வாங் வியெங் ஊரில் மெத்தனால் கலந்த மதுவால் வெளிநாட்டுப் பயணிகள் ஆறு பேர் இறந்தார்கள். மெத்தனால் உடனே காட்டிக்கொடுக்காது. பல மணி நேரம் கழித்து வாந்தி, வயிற்றுவலி, பார்வை மங்கல் என்று வரும். அதைப் போதை தெளியாத அசதி என்று தள்ளிவிடாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

திருவிழாக் கூட்டம் என்றால், ஒரு சதுர மீட்டரில் ஐந்து பேருக்கு மேல் சேர்ந்தால் கூட்டம் உங்களை நகர்த்தத் தொடங்கிவிடும். 2022 அக்டோபர் 29 அன்று சியோலின் இட்டாவோன் பகுதியில் ஒரு குறுகலான சந்தில் நேர்ந்த நெரிசலில் 159 பேர் உயிரிழந்தார்கள். தோள்கள் இருபக்கமும் ஒட்டத் தொடங்கும்போதே வெளியேறுங்கள். மாட்டிக்கொண்டால் குத்துச்சண்டைக்காரர் போல இரு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் மடக்கி மூச்சுக்கு இடம் வைத்துக்கொள்ளுங்கள். தள்ளுவதை எதிர்க்காமல், தள்ளல் ஓயும் நொடியில் குறுக்காக ஓரம் நோக்கி நகருங்கள். சுவரை ஒட்டி மட்டும் நிற்காதீர்கள். கீழே விழுந்த பொருளை எடுக்கக் குனியாதீர்கள்.

தனியாகப் பயணிக்கும் பெண்களுக்கு ‘போகாதே, திரியாதே’ என்பதே பெரும்பாலும் அறிவுரையாகக் கிடைக்கிறது. தொல்லை தருபவன் செய்யும் குற்றத்துக்குப் பெண்ணின் பயணம் பொறுப்பல்ல. டோக்கியோ, டெல்லி, கெய்ரோ போன்ற நகரங்களின் ரயில்களில் பெண்களுக்கான பெட்டிகள் உண்டு, பயன்படுத்திக்கொள்ளுங்கள். யாராவது பின்தொடர்வதாகத் தோன்றினால் அறைக்குப் போகாதீர்கள், ஆள் நடமாட்டமுள்ள கடைக்குள் நுழையுங்கள். கூட்டத்தில் தொல்லை கொடுத்தால் பொதுவாகக் கத்துவதைவிட ஒருவரைக் குறிவைத்துக் கூப்பிடுங்கள்: ‘நீலச் சட்டை போட்டிருக்கும் அண்ணா, இவர் என்னைத் தொந்தரவு செய்கிறார், உதவுங்கள்.’ பெயர் தெரியாத கூட்டத்தில் ஒருவரைச் சுட்டினால் அவர் ஒதுங்க முடியாது. மொழி தெரியாவிட்டாலும் கை நீட்டிச் சுட்டுங்கள், குரல் புரியும். பணிவாக இருக்க வேண்டுமே என்று அந்த நேரத்தில் யோசிக்க வேண்டாம்.

படி 8: நடந்துவிட்டால்

கத்தி காட்டிக் கேட்டால் கொடுத்துவிடுங்கள். பர்ஸ், போன், கடிகாரம் எதற்கும் வாதாட வேண்டாம். சட்டென்று சட்டைப்பைக்குள் கை விடாதீர்கள். ‘இங்கே இருக்கிறது, எடுக்கிறேன்’ என்று சொல்லி மெதுவாக எடுங்கள். அவர்கள் போனபின் துரத்தாதீர்கள்.

பாதுகாப்பான இடத்துக்குப் போய் முதலில் போனைத் தொலைவிலிருந்து பூட்டி, சிம்மையும் கார்டுகளையும் முடக்குங்கள், அப்புறம் போலீஸ். அவசர எண்கள் நாட்டுக்கு நாடு வேறு. ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் முழுக்க 112, இந்தியாவிலும் 112. அமெரிக்கா, கனடாவில் 911. பிரிட்டனில் 999, ஆஸ்திரேலியாவில் 000. ஜப்பானில் போலீஸுக்கு 110, ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்புக்கும் 119. பல நாடுகளின் செல்போன் நெட்வொர்க்குகளில் 112 அழுத்தினாலும் உள்ளூர் அவசர சேவைக்கே போகும்.

போலீஸ் புகாரின் எழுத்துப் பிரதி இல்லாமல் வெளியே வராதீர்கள். காப்பீட்டுக்கும் தூதரகத்துக்கும் அதுதான் அடிப்படை. கைது செய்யப்பட்டால், 1963-இன் தூதரக உறவுகளுக்கான வியன்னா ஒப்பந்தத்தின் 36-ஆம் பிரிவுப்படி உங்கள் நாட்டுத் தூதரகத்துக்குத் தெரிவிக்கச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. அதைக் கேளுங்கள். புரியாத மொழியில் எழுதிய தாளில் கையெழுத்திடாதீர்கள். தூதரகம் வழக்கறிஞர் பட்டியல் தரும், வீட்டாருக்குச் சொல்லும். ஜாமீன் எடுத்துத் தராது, உங்கள் கடனைக் கட்டாது.

பாஸ்போர்ட் தொலைந்தால் புகார் கொடுக்கும் முன் அறையையும் பைகளையும் ஒருமுறை முழுதாகத் தேடிவிடுங்கள். தொலைந்ததாகப் பதிவு செய்ததும் அது ரத்தாகும், இன்டர்போலின் தரவுத்தளத்திலும் ஏறலாம். மறுநாள் பெட்டியின் அடியில் கிடைத்தாலும் அதை வைத்துக்கொண்டு விமானம் ஏறப் பார்க்காதீர்கள், எல்லையில் நிறுத்திவிடுவார்கள். தூதரகம் தரும் அவசரப் பயண ஆவணத்தோடுதான் திரும்ப வேண்டும். அதற்கு நகல், புகார்ப் பிரதி, புகைப்படங்கள் மூன்றும் கேட்பார்கள். சில நாட்கள் ஆகலாம் என்பதால் திரும்பும் டிக்கெட்டை மாற்றும் வேலையையும் அன்றே தொடங்கிவிடுங்கள்.